அப்பாவின் மஞ்சள் ஹெல்மெட்

கும்மிடிப்பூண்டி ஆலை வாசலில் காவலாளி கொடுத்த ஹெல்மெட்டில் பழைய வியர்வை நாற்றம். அப்பாவுடையதும் இப்படித்தான் நாறும்.

அவருக்கு இதே ஆலையில், இரும்பு உருக்கும் உலையில் வேலை. கிளம்புமுன் அம்மா அவர் ஹெல்மெட்டுக்குள் எண்ணெயால் சிலுவை போட்டு, "இயேசப்பா, இவரு தலைய நீதான் காக்கணும்" என்று ஜெபித்துத் தருவாள்.

கூட வேலை பார்த்தவர் கண்ணெதிரே உலையில் விழுந்த பிறகு அப்பா சொன்னார்: "கண்ண மூடினா அவன் கூப்புட்டுகினே இருக்கான்."

"அது பிசாசு. வேதத்துல சொல்ற தலைக்கவசத்தப் போட்டுக்கோங்க" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து சாப்பிடும்போதும் ஹெல்மெட்டைக் கழற்றமாட்டார். நான் சிரிப்பேன்.

ஒருநாள் அதை வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஆலைக்குப் போனவர் திரும்பவேயில்லை. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்லியே!"

"தாடை வார இறுக்கிக்கோ சார்" என்றார் காவலாளி. இறுக்கினேன். உள்ளே அப்பா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.