முதல் மடக்கு பெரிலுக்கு

இங்கிலாந்தில், கிரிம்ஸ்பி துறைமுகத்தின் பின்தெருவில் பெரில் டாஸ்கரை அறியாதவர் கிடையாது. மீன் வெட்டும் கொட்டகையில் முப்பது வருஷத்துக்கு மேல் கத்தி பிடித்தவள். அங்கே நின்ற பெண்களுக்கெல்லாம் வாய் நீளம். அவர்களே பெரிலின் வாய்க்குப் பயப்படுவார்கள். அப்பேர்ப்பட்டவள் கல்யாணம் கட்டாமல், தம்பிக்கு ஆக்கிப் போட்டே காலத்தைக் கழித்தாள். படகில் மீன்பிடிக்கப் போகும் ஒருவன் அவளுக்காக இரண்டு வருஷம் காத்திருந்தான். "நீ மட்டும் வா, உன் தம்பி வேண்டாம்" என்றான். "அப்ப நீயும் வேண்டாம்" என்று மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். பைத்தியத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்றது தெரு. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

தம்பி டெரிக் ஒரு காலத்தில் பாட்டுக்காரன். 1960களின் கடைசியில் 'காகிதக் கலங்கரை' என்ற இசைக்குழுவில் கிதார் வாசித்தபடி, பாதித் தூக்கத்தில் எழுந்தவன் பேசுவது போலப் பாடினான். போதையும் நீள முடியுமாகத் திரிந்த லண்டன் பிள்ளைகள் அந்தப் பாட்டுக்கு உயிரை விட்டார்கள். இரண்டு இசைத்தட்டு வந்தது. மூன்றாவதற்கு ஒலிப்பதிவு நடந்துகொண்டிருந்தபோது கிதாரைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்காலோடு ரயில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டான்.

"ரெக்கார்டிங் ரூமு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்துகிட்டு என்னப் பாத்து சிரிக்கறாங்க பெரில். என் டீயில என்னமோ கலக்கறாங்க. இப்பக்கூட சிரிக்கறாங்க. உனக்குக் கேக்குதா?"

டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்தார்கள். பெற்றவர்கள் இல்லாத வீடு. தலையில் மின்சாரம் பாய்ச்சும் வைத்தியத்துக்குக் கையெழுத்துப் போட்டது பெரில்தான். வார்டு நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "கேக்குதான்னு அவரு கேட்டா, எனக்கு ஒண்ணும் கேக்கலன்னு மட்டும் சொல்லும்மா. ஒரு தடவ கேக்குதுன்னு சொல்லிட்டா, ஆளு அப்படியே அந்தப் பக்கம் போயிடுவாரு."

பெரில் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். நடுச்சாப்பாட்டில் கேட்டாலும், கடைத்தெருவில் நின்று கேட்டாலும், "எனக்கு ஒண்ணும் கேக்கலடா" என்ற ஒரே பதில்தான். டீயை மட்டும் அவன் தொடமாட்டான். அதனால் அவன் கோப்பையில் முதல் மடக்கை அவள் குடித்துக்காட்டி, "பாரு, ஒண்ணும் கலக்கல" என்று நகர்த்துவாள். பிறகுதான் குடிப்பான். வருஷங்கள் போகப் போகக் கேள்வி நின்றது. "அதெல்லாம் நோய். அப்ப எனக்குத் தெரியல" என்று அவனே சொல்லிக்கொண்டு, கிழமைவாரியாகப் பிரித்த டப்பியிலிருந்து மாத்திரையை எடுத்து விழுங்குவான். எப்போதாவது பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, பழைய டேப் ரெக்கார்டரில் ஏதோ பாடிப் பதிவு செய்வான். முதல் மடக்கு மட்டும் பெரிலுக்கு என்றே ஆகிவிட்டது.

இருவருக்கும் தலை நரைத்த பிறகு லீட்ஸிலிருந்து ஜூலியன் என்றொருவன் வந்தான். டெரிக் பாடியதை எல்லாம், முதல் பாட்டிலிருந்து பின்னறை டேப் வரை, இசைவட்டுகளாக்கி, ஒரே பெட்டியாகத் தொகுத்து வெளியிட வேண்டுமாம்.

"மிஸ் டாஸ்கர், அவரு எனக்குக் கடவுள் மாதிரி."

"கடவுள் இப்ப கக்கூஸ்ல இருக்காரு. அரை மணி ஆகும். உக்காருங்க தம்பி."

வாய் விளையாடினாலும் அவளுக்குப் பயம்தான். பழைய பாட்டோடு பழைய குரல்களும் வந்துவிட்டால்? மறுபடி வார்டு, மறுபடி மின்சாரம், இந்த வயதில் தாங்குவானா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஜூலியன், தன் ஊர்ப் பிள்ளைகள் இன்றும் அந்தப் பாட்டுகளைப் பாடுவதாகச் சொன்னான். வாசலில் வந்து நின்ற டெரிக், "இன்னுமா பாடறாங்க?" என்று கேட்டுச் சிரித்தான். அவன் பல் தெரியச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று. பெரில் இளகிவிட்டாள்.

"அவன் அழுதது, உளறினது எதையும் போடாதீங்க. என் தம்பிய வேடிக்கைப் பொருளாக்கிடாதீங்க" என்று மட்டும் கேட்டாள். ஜூலியன் சத்தியம் செய்தான், அதைக் காப்பாற்றவும் செய்தான். இந்தக் கதையைச் சொல்லும் எனக்கு அவன்மீது கோபம் வருகிறது, ஆனால் கெட்டவன் என்று சொல்ல முடியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை பெட்டி வந்தது. பெரில் வழக்கம்போலக் கடையிலிருந்து வறுத்த மீனும் உருளைக்கிழங்கும் வாங்கிவந்து, காகிதத்தைப் பிரித்து வைத்துவிட்டு முதல் வட்டைப் போட்டாள். டெரிக் மேசையில் விரலால் தாளம் போட்டான். "இந்தப் பையன் நல்லாத்தான் பாடறான்" என்றான். பெரிலுக்குக் கண் நிறைந்துவிட்டது. இதற்காகவாவது சரி சொன்னோமே என்று நினைத்தாள்.

அடுத்த வட்டில், பாதியில் நின்றுபோன அந்த மூன்றாவது இசைத்தட்டு. ஜூலியன் போன்றவர்களுக்கு டேப்பில் பதிந்த இருமல்கூடப் பொக்கிஷம். பாட்டுக்கு முன்னால் கிடந்த, கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துப் பேச்சையும் துடைத்துச் சுத்தம் செய்து சேர்த்திருந்தான். 'ஒலிப்பதிவு அறையில் நண்பர்களின் குறும்பு, இதுவரை வெளிவராதது' என்று அட்டையில் பெருமையாகப் போட்டுமிருந்தான்.

"டீயில இன்னொரு மாத்திரையப் போட்டு விடு. பையன் பறக்கட்டும்" என்றது ஒரு குரல். நாலைந்து பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "மைக் பொத்தான விடுடா, நாம பேசறது அவன் காதுல விழுது." மறுபடி சிரிப்பு. பிறகு தூரத்தில் இளம் டெரிக்கின் குரல்: "யாரு சிரிக்கறது?"

"யாரும் சிரிக்கல டெரிக். நீ பாடு."

பாட்டு தொடங்கியது. டெரிக்கின் விரல் நின்றுவிட்டது. முகம் வெளுத்து, பெரிலையே பார்த்தான்.

"பெரில், உனக்குக் கேக்குதா?"

நர்ஸ் சொல்லிக் கொடுத்த பதில் தொண்டை வரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். இத்தனை வருஷமும் தன் வாயாலேயே அவனைப் பைத்தியமாக்கியது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கேக்குதுடா. எனக்கும் கேக்குது. அவங்க சிரிச்சாங்க, டீயில கலந்தாங்க. நீ சொன்னது அத்தனையும் நெசம்டா." மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். அவன் கத்தட்டும், தன்னை அடிக்கட்டும் என்று காத்திருந்தாள்.

டெரிக் எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தினான். திரும்பி வந்து அவள் தலையைத் தடவினான்.

"பயப்படாத பெரில். அது அப்படித்தான், நெசம் மாதிரியே இருக்கும். எனக்கு ஒண்ணும் கேக்கல."

"டேய், அது வட்டுல இருக்குடா. வேணா திருப்பிப் போடறேன்."

"நானும் இப்படித்தான் சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றான் இரக்கத்தோடு.

அவனே டீ போட்டான். முதல் மடக்கைத் தான் குடித்துக்காட்டி, "பாரு, ஒண்ணும் கலக்கல" என்று அவள் பக்கம் நகர்த்தினான். பிறகு டப்பியைத் திறந்து, வெள்ளிக்கிழமை மாத்திரையை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விழுங்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.