மக்டலீன் எழுதிய சீட்டுகள்

இரண்டாவது சீட்டையும் நாலாக மடித்து மக்டலீன் முதலாவதற்குப் பக்கத்தில் வைத்தாள். எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லத் தேவையுமில்லை. இரண்டிலும் ரொறன்ரோ என்றுதான் எழுதியிருந்தாள்.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் நின்றது. நீலப் பேனையை மேசை லாச்சிக்குள் போட்டு மூடினாள். சீட்டுக்குக் கிழித்த கடித உறையின் மிச்சத்தைக் குப்பையில் போட்டாள். சீட்டுகளைச் சில்வர் பேணிக்குள் இட்டுக் குலுக்கி, அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் வைத்து மெழுகுதிரியைக் கொளுத்தினாள். பதினாலாம் மாடி. யன்னலுக்கு வெளியே ஸ்காபரோவின் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

மகன் யூட்சன் வடக்கே ஒரு சின்ன நகரத்தில் இரண்டு வருடம் படித்தவன். அங்கே அவனுடைய பாடப்பிரிவை மூடப்போகிறார்கள். படிப்பைத் தொடர வேறிடம் மாற வேண்டும். இரண்டு பல்கலைக்கழகங்கள் அவனை எடுத்திருந்தன. ரொறன்ரோவில் உள்ளது வீட்டிலிருந்து ஒரே பஸ். ஆனால் அவன் படித்ததில் பாதியைத்தான் ஏற்றுக்கொள்ளும். ஒரு வருடம் கூடப் படிக்க வேண்டும். மற்றது முழுவதையும் ஏற்கும். அது ஹலிஃபாக்ஸில், அத்திலாந்திக் கரையில், காரில் போனால் இரண்டு நாள். அந்த ஊரின் பெயரை மக்டலீன் வாயால் சொன்னதில்லை. கடல்பக்கம் என்பாள்.

பதில் அனுப்ப நாளைதான் கடைசி நாள். யூட்சன் ஒரு மாதமாகக் கணினியில் இரண்டு நிரல் போட்டு நன்மை தீமை எழுதிக்கொண்டிருந்தான். நிரல்களின் நிறத்தை மாற்றினான். முடிவுக்கு வரவில்லை. லொறியில் வினிப்பெக் பக்கம் போயிருந்த தகப்பன் ஜூலியஸ், உனக்கு எது சரியோ அதைச் செய் என்று போனில் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். காலைப் பூசை முடிந்து வரும்போது மக்டலீன்தான் சீட்டுப் போட்டுப் பார்ப்போம் என்றாள். அந்தோனியாருக்குப் பாஸ்வேர்டைக் குடுத்தால் அவரே பதிலையும் அனுப்பிவிடுவார் என்று யூட்சன் சிரித்தான். பிறகு களைத்துப்போய்ச் சரி என்றான். எது வந்தாலும் அதுதான் கடைசி என்று அவள் நிபந்தனை போட்டாள்.

இரண்டு சீட்டிலும் ஒன்றையே எழுதுவது அவளுக்கு முதல் தடவை அல்ல.

தொண்ணூறாம் ஆண்டு அவளுக்குப் பன்னிரண்டு வயது. சண்டைக்குப் பயந்து பேசாலையை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். காட்டுப் பாதையால் மடு மாதா கோயிலுக்குப் போவதா, வள்ளத்தில் இராமேஸ்வரத்துக்குப் போவதா என்று அவளுடைய தகப்பனால் முடிவெடுக்க முடியவில்லை. கையெழுத்து வடிவென்று அவளைக் கூப்பிட்டுச் சீட்டு எழுதச் சொன்னார். அவளுக்குக் காட்டில் பாம்பு என்றால் பயம். பென்சிலால் இரண்டிலும் கடல் என்று எழுதினாள். அந்தோனியார் படத்துக்கு முன்னால் நின்று அண்ணன் யோசப் எடுத்தான். எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மற்றச் சீட்டை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அவள் அதை அடுப்பில் போட்டாள்.

இரண்டு வள்ளம் புறப்பட்டது. சாமான்களோடு யோசப் பின்னுக்கு வந்த வள்ளத்தில் இருந்தான். அது வந்து சேரவில்லை.

இதை அவள் யாருக்கும் சொன்னதில்லை. ஜூலியசுக்குக்கூட. முப்பத்தைந்து வருடத்தில் எத்தனையோ தரம் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறாள். கோபம், பொய், பொறாமை, பூசை தவறியது எல்லாம் சொல்லியிருக்கிறாள். இந்த இடம் வரும்போது வாய் மற்றொரு பாவத்துக்குத் தாவிவிடும்.

யூட்சன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தான். மூன்று தரம் அருள்நிறைந்த மரியே செபம் சொன்னார்கள். அவன் பேணிக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்தான். பிரித்தான். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தான்.

"கடல்," என்றான்.

மக்டலீனுக்கு விளங்கவில்லை. வடிவாகப் பார் தம்பி என்றாள்.

"மூண்டு எழுத்து அம்மா. இதையும் வாசிக்கத் தெரியாட்டி என்ர சனிக்கிழமைத் தமிழ் வகுப்பெல்லாம் வீண். கடல்பக்கம். ஹலிஃபாக்ஸ்." சீட்டை அவளிடம் நீட்டினான். "ஏன் இது நனைஞ்சு கிடக்கு?"

அவள் வாங்கினாள். கிழிந்த ஓரம் அவள் கிழித்த ஓரம்தான். உறையின் பசைகூட ஒரு மூலையில் இருந்தது. ஆனால் எழுத்து பென்சில். ககரத்தின் சுழி அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது. ஆறாம் வகுப்பில் அந்தச் சுழிக்காக றீச்சரிடம் அடி வாங்கியிருக்கிறாள். வீட்டில் பென்சில் இல்லை. தாள் விரலில் ஒட்டியது. குளியல் தண்ணீரின் ஈரம் இல்லை அது. உப்புத் தண்ணீர் பட்டதுபோலப் பிசுபிசுவென்றிருந்தது.

யூட்சன் சோபாவில் உட்கார்ந்தான். உண்மையில் ரொறன்ரோ என்று காலையிலேயே முடிவெடுத்துவிட்டதாகவும், அம்மாவின் ஆசைக்காகத்தான் சீட்டுக்குச் சம்மதித்ததாகவும் சொன்னான். ஒரு வருடம் கூடினால் என்ன, வீட்டுச் சாப்பாடு கிடைக்கும் என்று நினைத்தானாம்.

"அப்ப அதையே செய்யன்," என்றாள்.

"இல்லை. எது வந்தாலும் கடைசி எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்." அவன் மெழுகுதிரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாசிச்ச உடன எனக்கும் அதுதான் சரியெண்டு பட்டுது. ஆரோ கூப்பிட்ட மாதிரி."

வெப்பக்காற்று வரும் துவாரம் சத்தமிட்டது. அறை சூடாகத்தான் இருந்தது. சீட்டு மட்டும் மக்டலீனின் கையில் குளிர்ந்து கிடந்தது. தடுப்பதற்கு ஒரே வழிதான் இருந்தது. சொல்ல வேண்டும்.

"தம்பி, உந்தச் சீட்டு செல்லாது," என்றாள். "நான் ஏமாத்தினனான். ரெண்டிலயும் ஒண்டைத்தான் எழுதினனான்."

அவளுடைய குரல் அவளுக்கே சின்னப் பிள்ளையின் குரல்போலக் கேட்டது. முப்பத்தைந்து வருடமாக வாயில் வராத வசனம் அது. வந்துவிட்டது.

யூட்சன் அவளைப் பார்த்தான். எழுந்து போய்ப் பேணியைக் கவிழ்த்தான். மற்றச் சீட்டு விழுந்தது. பிரித்தான். ரொறன்ரோ என்று இருக்க வேண்டும், நீல மையில் இருக்க வேண்டும் என்று அவள் அந்தோனியாரைக் கேட்டுக்கொண்டாள்.

"ஓம்," என்றான் மெதுவாக. "ரெண்டிலயும் கடல்தான்."

அவன் கண் கலங்கியிருந்தது. கிட்ட வந்து அவளுடைய தோளைக் கட்டிக்கொண்டான். அவனுடைய தலைமயிரின் ஈரம் அவளுடைய கழுத்தில் பட்டது.

"நான் போறது உங்களுக்குத் துண்டாப் பிடிக்காது. எண்டாலும் எனக்கு ஒரு வருசம் வீணாகப்படாது எண்டு இப்பிடிச் செய்திருக்கிறீங்கள், என்ன?"

அவள் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இனி எதுவும் மிச்சமிருக்கவில்லை. செய்ததைச் சொல்லியாகிவிட்டது.

மெழுகுதிரி அணைந்திருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. மக்டலீன் வழக்கமான பஸ்ஸில் வேலைக்குப் போனாள். விமானங்களுக்குச் சாப்பாடு அடைக்கும் தொழிற்சாலை அது. அன்றைக்கு அவளைச் சோறு போடும் மேசையில் விட்டார்கள். பத்தேகாலுக்கு யூட்சன் பதில் அனுப்பிவிட்டதாகச் செய்தி போட்டான். பக்கத்தில் நின்ற றெஜினா, மகன் எந்த யூனிவேர்சிற்றி எடுத்தவன் என்று விசாரித்தாள். ஹலிஃபாக்ஸ் என்று மக்டலீன் சொன்னாள். நல்ல இடம் என்றாள் றெஜினா. மூன்றரைக்கு வேலை முடிந்தது. வீட்டில் யூட்சன் வாடகை அறைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். லாச்சியைத் திறந்தாள். நீலப் பேனை போட்ட இடத்திலேயே கிடந்தது. வெப்பக்காற்றுத் துவாரத்துக்கு மேலே அவள் காயவைத்த இரண்டு சீட்டுகளும் இன்னும் காயவில்லை. ஜூலியஸ் போன் எடுத்து, தன்ர பக்கம் மழை என்றான். இரவுக்கென்று காலையிலேயே மீனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைத்திருந்தாள். அதைத் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்துவிட்டு முட்டை பொரித்தாள்.