பதினேழு கீறல்கள்

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு நேருக்கு நேர் "அக்கா", முதுகுக்குப் பின்னால் "கழுகு". இரண்டாவது பெயரும் அவள் காதுக்கு எட்டியிருந்தது. உள்ளுக்குள் அதில்தான் அவளுக்குப் பெருமை. முப்பத்தொரு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக் கீறல் எண்ணுவதுதான் பிழைப்பு. என்ன கீறல் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு பதில் வைத்திருந்தாள்: "மலை எப்ப குளுந்துச்சுன்னு பாக்குறோம்."

மலைக்கல் எல்லாம் ஒரு காலத்தில் பூமியின் ஆழத்தில் சூடாகக் கிடந்தது. மேலே எழும்ப எழும்பக் குளிரும். அந்தக் கல்லுக்குள் மணல் அளவில் சில படிகங்கள் உண்டு. அவற்றில் இருக்கும் துளி யுரேனியம் எப்போதாவது உடைந்து, உள்ளே மெல்லிய கோடாக ஒரு கீறல் போடும். கல் சூடாக இருக்கும்வரை அந்தக் கீறல் காயம் போலத் தானே கூடி மறைந்துவிடும். கொதிக்கிற தண்ணீரின் சூட்டளவுக்கு இறங்கிய பின் விழுவது அப்படியே தங்கிவிடும். கீறல் நிறைய இருந்தால் கல் குளிர்ந்து வெகுகாலம் ஆயிற்று. குறைவென்றால் மலை அண்மையில்தான் அவசர அவசரமாக எழும்பியிருக்கிறது. கட்டம் கட்டமாக எண்ணுவது அவள் வேலை, மீதியைக் கணினி பார்த்துக்கொள்ளும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எண்ணுகிற ஒவ்வொருவர் கண்ணுக்கும் தனியாக ஓர் எண் இருக்கிறது. ஒருவர் மங்கலான கீறலையும் சேர்த்துக்கொள்வார், இன்னொருவர் விட்டுவிடுவார். அதனால் வயது தெரிந்த ஒரு கல்லை ஆளாளுக்குக் கொடுத்து எண்ணச் சொல்லி, அவரவர் எண்ணைக் குறித்துக்கொள்வார்கள். வருடத்துக்கு ஒரு முறை அதே கல்லை மறுபடி எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அவளுக்கு அந்தக் கல் மனப்பாடம். எந்தக் கட்டத்தில் எத்தனை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வினையே அங்கேதான் இருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் பார்வையின் நடுவில் ஒரு கறை விழுந்தது. "நடுப்பார்வை தேஞ்சுக்கிட்டு வருது, திரும்ப வராது" என்றார் கண் மருத்துவர். கணவருக்கு மட்டும் தெரியும், அதுவும் காப்பியில் இரண்டு தடவை உப்பு விழுந்த பிறகு. ஆய்வுக்கூடத்தில் மூச்சு விடவில்லை. பார்வை போன கழுகை யார் வைத்துக்கொள்வார்கள்? சரிபார்க்கும் நாளில், மனப்பாடமான எண்களையே எழுதிக் கொடுத்தாள். "உங்க கண்ணு மட்டும் அசையவே மாட்டேங்குது" என்று பேராசிரியர் மெச்சினார். அவளும் சிரித்து வைத்தாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

புதிதாக வரும் கல்லுக்கு மனப்பாடம் ஏது? கிழக்குச் சரிவின் கல் வந்தபோது கீறல் குறைவாகத் தெரிந்தது. கணக்குப் போட்டால் தொண்ணூறு லட்சம் வருடம். பக்கத்துச் சரிவுக்கோ, கண் நன்றாக இருந்த காலத்தில், ஒரு கோடியே நாற்பது லட்சம் என்று அவளே எண்ணிக் கொடுத்திருந்தாள். பேராசிரியருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே மலையில் ஒரு பக்கம் மட்டும் பின்னால் எழும்பியதா? ஒரு கல்லை வைத்துச் சொல்ல முடியாது, இன்னும் வேண்டும் என்றார். ஆறடிக்கு மேல் வளர்ந்துவிட்டதால் எல்லோருக்கும் நெட்டையாகிவிட்ட ஆய்வாளன் ஒருவன், தான் போவதாகச் சொன்னான். கிளம்பும் அன்று அவள் மேசைக்கு வந்தான்.

"உங்க எண்ணிக்கைய நம்பித்தான் ஏறுறேன் அக்கா. நெறைய கல்லு கொண்டு வரேன். கண்ணுல வெளக்கெண்ணெய ஊத்திக்கிட்டு உக்காந்திருங்க."

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "பாத்துப் போய்ட்டு வாப்பா" என்றாள்.

மூன்றாம் நாள் பாறை சரிந்தது. அவனைக் கீழே கொண்டுவந்தவர்கள் அவன் பையையும் கொண்டுவந்தார்கள். உள்ளே ஏழு கல், ஒவ்வொன்றின் மேலும் அவன் கையெழுத்து.

துக்கத்துக்குப் போய்விட்டு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். காலமெல்லாம் பேருந்து ஓட்டிய மனிதர்; ஒரு தடவைகூட யார் மேலும் ஏற்றியதில்லை. "இப்ப சொன்னா அந்தப் புள்ள எந்திரிச்சு வந்துருமா? விட்டுரு" என்றார். அவளும் விட்டுவிட்டாள்.

அந்த ஏழு கல்லும் இடிபட்டு, சலிக்கப்பட்டு, பொறுக்கிய படிகங்கள் மெருகேறி அவள் மேசைக்கு வந்தன. கறையைச் சுற்றிச் சுற்றி எண்ணினாள். மறுபடியும் தொண்ணூறு லட்சம். பேராசிரியர் அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "உயிரக் குடுத்து நிரூபிச்சிருக்கான். கட்டுரைல அவன் பேருதான் முதல்ல வரும்."

மூன்று மாதம் கழித்து நெட்டையின் மனைவி வந்தாள். புருஷன் எதற்காகப் போனான் என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டுமாம். பேராசிரியர் அவளைக் கழுகிடம் விட்டுவிட்டு வகுப்பெடுக்கப் போனார். அந்தப் பெண்ணுக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் சரிபார்க்கிற வேலை. அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று நாள் முழுக்க எண்ணுகிறவள். அவன் கொண்டுவந்த கல் நுண்ணோக்கியில் இருந்தது; சொல்லிக்கொடுத்தபடி கண்ணை வைத்துத் திருகைத் திருப்பினாள்.

"கோடு கோடா இருக்கே, இதுவா?"

"அதேதாம்மா."

அந்தப் பெண்ணின் உதடு அசைந்தது. பழக்க தோஷம். "இந்தக் கட்டத்துல பதினேழு இருக்கு" என்றவள், பக்கத்தில் திறந்து கிடந்த குறிப்பேட்டைப் பார்த்தாள். "நீங்க பதினொண்ணுன்னு எழுதிருக்கீங்க. நான் தப்பா எண்ணிட்டேனா?"

"சிலது கீறல் இல்லம்மா. தூசி, மெருகு போட்டப்ப விழுந்த கோடு... பழகின கண்ணுக்குத்தான் பிரிச்சுப் பாக்கத் தெரியும்."

பொய் எத்தனை சுலபமாக வந்துவிட்டது. அந்தப் பெண் நம்பியும் விட்டாள். "அதானே. உங்க கண்ணப் பத்தி அவரு வீட்ல பேசாத நாளில்ல. அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னுவாரு."

கழுகு குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ எண்ணும்மா. நிதானமா."

"பதினேழுதான். எல்லாம் ஒரே மாதிரி, நேரா இருக்கு. தூசி மாதிரித் தெரியலயே."

"தூசி இல்ல. எனக்குத்தான் கண்ணு போயிருச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொல்லல."

அந்தப் பெண் நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. "பதினேழுன்னா என்ன அர்த்தம்?"

"பக்கத்துச் சரிவு மாதிரியேதான் இதுவும்னு அர்த்தம். அங்க புதுசா ஒண்ணும் இல்ல."

"அப்ப அவரு?"

"போயிருக்கவே வேண்டாம்."

அந்தப் பெண் அழவில்லை, ஏசவில்லை. ஏசியிருந்தால் கழுகுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"அடுத்த கட்டத்துக்கு எப்படி நகத்தணும்?" என்று கேட்டாள் அந்தப் பெண். கழுகு காட்டினாள்.

"பதினாறு. எழுதுங்க."

கழுகு தான் எழுதியிருந்த பத்து என்ற எண்ணை அடித்துவிட்டுப் பதினாறு என்று எழுதினாள். பேராசிரியர் வகுப்பு முடித்து வந்தபோது, குறிப்பேட்டில் முக்கால் பக்கம் அடித்துத் திருத்தியாகியிருந்தது.