கூடிப்போன புரதம்

வெள்ளவத்தையில் தீவனம் சோதிக்கிற ஆய்வுகூடமொன்றில் வேலை செய்கிறேன். கொட்டாஞ்சேனையில் ஆடு வளர்க்கிற ஃபாரூக் நானா, புதிதாக வாங்கிய சோளத் தீவனத்தில் கொஞ்சம் கொண்டுவந்து தந்தார். முடிவு தெரியும்வரை ஆடுகளுக்குப் போடாமல் வைத்திருந்தார்.

புரதம் வழக்கத்தைவிட நன்றாகக் கூடியிருந்தது. மனிதர் காத்திருக்கிறாரே என்று, அறிக்கை எழுத முன்னமே போன் எடுத்தேன். "நல்ல சாமான் நானா, பயப்படாமப் போடுங்கோ."

அடுத்த நாள் அவர் அழைத்தார். "தங்கச்சி, நீங்க சொல்லித்தானே போட்டேன்? மூணு ஆடு நுரை தள்ளி விழுந்து கிடக்குது!"

உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடச் சொல்லிவிட்டு, மிச்ச மாதிரியை யூரியாவுக்குச் சோதித்தேன். இருந்தது. யாரோ கலந்திருக்கிறார்கள்; அளவு மீறினால் ஆட்டுக்கு அது நஞ்சு. நாங்கள் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. நைதரசனை அளந்து அதிலிருந்து கணக்குப் போடுகிறோம். யூரியாவின் நைதரசனும் அதில் புரதமாகவே விழும். படித்த பாடம்தான். கூடின எண்ணைப் பார்த்த சந்தோஷத்தில் எனக்கு அந்த யோசனையே வரவில்லை.

வைத்தியர் இரண்டைக் காப்பாற்றினார். சினையாடு செத்துவிட்டது. நானா என்னை ஏசவில்லை, ஏசியிருக்கலாம்.

இப்போது புரதம் கூடினாலே எனக்குச் சந்தேகம்தான். யார் காத்திருந்தாலும் சரி, யூரியா சோதனை முடியும்வரை போனைத் தொடமாட்டேன்.