வெள்ளையாக மாறும் வரை

நம்பினால் நம்புங்கள். நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. என் வாழ்க்கையில் நான் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்றுதான். அதையும் இதிலேயே ஒப்புக்கொள்ளப் போகிறேன். மிச்சமெல்லாம் நடந்தது நடந்தபடி.

பேய் என்றால் நடுச்சாமத்தில்தான் வரும் என்பார்கள். எனக்கு நடந்ததெல்லாம் சாயங்காலம் 4:50க்கு. எதிர்வீட்டில் வெங்காயம் வதக்குகிற வாசனை வரும் நேரம்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ப்ரயீலா ஊரில், நாலாவது மாடியில், அப்பாவின் வீட்டில் இருந்தபடியே போனில் பதில் சொல்கிற வேலை. ஒயர்லெஸ் ஹெட்போன் விற்கிற கம்பெனி. வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடுவார்கள். நாற்பது பேர் கூப்பிட்டால் முப்பது பேர் கேட்பது ஒரே கேள்வி. சார்ஜ் முழுசாக ஏறிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் எனக்குத் தூக்கத்திலும் வரும். ஓரத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் ஏறிக்கொண்டிருக்கிறது. வெள்ளையாக மாறினால் முடிந்தது. இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் இரண்டேகால். அதுவரை பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். இதைச் சொல்வதற்கு ஒரு சம்பளம்.

அப்பா டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. ஒரு பக்கம் முழுக்க உணர்வு கிடையாது, எழுந்து உட்காரவே நான் வேண்டும். தொண்டையும் பாதி போய்விட்டது, அறைக்கு வெளியே குரல் வராது. அதனால் ஒரு டீஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் இருக்கிற வெந்நீர்க் குழாயில் தட்டுவார். மூன்று தட்டினால் தண்ணீர். இரண்டு தட்டினால் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். நிறுத்தாமல் தட்டினால் மெழுகுவர்த்தி.

மெழுகுவர்த்தி என்றால் விளையாட்டு இல்லை. எங்கள் வழக்கத்தில், ஒருவர் உயிர் விடும்போது கையில் எரிகிற மெழுகுவர்த்தியைப் பிடிக்க வைப்போம். வெளிச்சம் இல்லாமல் போன உயிர் அந்தப் பக்கம் இருட்டில் தடவிக்கொண்டே நிற்கும் என்பார்கள். கடவுளிடமே வாயாடுகிற மனுஷர் என் அப்பா, இதற்கு மட்டும் பயந்தார். படுக்கையில் விழுவதற்கு முந்தின ஈஸ்டருக்குக் கோயிலில் ஏற்றி, காற்றில் அணையாமல் உள்ளங்கையால் மூடி வீடு வரைக்கும் கொண்டுவந்த மெழுகுவர்த்தி. தலைமாட்டு இழுப்பறையில் தீப்பெட்டியோடு வைத்திருந்தார்.

"எத மறந்தாலும் இத மறந்துடாதம்மா. கையில வெளிச்சத்தக் குடுத்துடு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

"சும்மா இருங்கப்பா. என்னைப் பொதைச்சுட்டுத்தான் நீங்க போவீங்க."

"போடி கழுத," என்று சிரிப்பார்.

நவம்பர் மூன்று. 4:48க்கு ஒரு அழைப்பு. சிபியூ ஊர்ப் பெண்மணி, காது கொஞ்சம் மந்தம். எதைச் சொன்னாலும் நாலு தடவை சொல்ல வேண்டியிருந்தது. வெளிச்சத்தம் துளியும் உள்ளே வராத ஹெட்போன் என்னுடையது. அன்று அதிலும் சார்ஜ் குறைவு. ஒயரைச் செருகி வைத்தபடியே பேசினேன். எங்கள் ஊர்க் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, எழுந்து லைட்டைப் போடக்கூட முடியவில்லை. அந்தம்மா நடுவில் ஏதோ கேட்டார், இப்போது நினைவில்லை. 5:12க்கு வைத்தார்.

அடுத்த அறைக்குப் போனேன். ஸ்பூன் தரையில் கிடந்தது. குழாயில் பெயிண்ட் புதிதாகப் பெயர்ந்திருந்தது. இழுப்பறை ஒரு சாண் திறந்திருந்தது... தானே எடுக்கப் பார்த்திருக்கிறார். கையைத் தொட்டேன். சில்லிட்டிருந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மெழுகுவர்த்தியை ஏற்றினேன். அந்த விரல்களை மடக்கி அதைப் பிடிக்க வைத்தேன். பாதி எரிகிற வரைக்கும் காத்திருந்தேன். அப்புறம்தான் எதிர்வீட்டு அவ்ரிகா அத்தையைக் கூப்பிட்டேன்.

"வெளிச்சத்தோட போனாரா?" அத்தை கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"ஆமா அத்தை. நான்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"குடுத்து வச்ச மனுஷன்! பொண்ணுன்னா இப்படி இருக்கணும்."

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போனது 4:55 வாக்கில் இருக்கும் என்றார். ஸ்பெயினிலிருந்து ஓடிவந்த அண்ணன் கோஸ்டின் என் கையைப் பிடித்து முத்தமிட்டான். "நல்லவேளை, நீ பக்கத்துல இருந்தே," என்று விக்கி விக்கி அழுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு நானும் அழுதேன்.

ஒன்பதாம் நாள் முடிந்து வேலைக்கு உட்கார்ந்தேன். அன்றுதான் முதலில் கவனித்தேன். காலை 8:00க்கு ஹெட்போனைச் சார்ஜில் போட்டது. 10:15. சிவப்பு. மதியம் 1:00. சிவப்பு. ஒயரை மாற்றினேன். வேறு பிளக்கில் செருகினேன். சிவப்பு.

காதில் மாட்டினால் உள்ளே இருக்கிற குரல், 'சார்ஜ் நூறு சதவீதம்' என்றது. விளக்கு மட்டும் மாறவில்லை.

எங்கள் குழுத் தலைவன் டொரெலிடம் போனில் சொன்னேன். அவன் வாய் சும்மா இருக்குமா?

"ஊருக்கெல்லாம் நீ சொல்ற பதில இப்ப உனக்கு நான் சொல்லணுமா? சிவப்புன்னா ஏறுது மேடம். பொறுமையா காத்திருங்க."

"கொழுப்பா? ஒயரப் பிடுங்கினாலும் எரியுதுடா."

"அப்ப பேய்தான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்."

சிரித்தேன். சிரித்த சத்தம் அடங்குவதற்குள் காதுக்குள் கேட்டது.

டிக்... டிக்... டிக்.

மணி பார்த்தேன். 4:50.

ஹெட்போனைக் கழற்றினேன். வீடு நிசப்தம். குழாயில் கை வைத்துப் பார்த்தேன், ஒரு அதிர்வும் இல்லை. மறுபடி மாட்டினேன்.

டிக்... டிக்... டிக்.

அன்றைக்கு அதை மாட்டியிருந்ததால் எனக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு அதை மாட்டினால் மட்டும் கேட்கிறது.

அதற்குப் பிறகு தினமும் 4:50. ஐந்து நிமிஷம். முதலில் மூன்று மூன்றாக. டிசம்பர் பிறந்ததும் இரண்டு இரண்டாக. ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுபோய் அவர் தலைமாட்டில் வைத்தேன். தலையணையைத் திருப்பிப் போட்டேன். பைத்தியக்காரி மாதிரி வெறும் படுக்கையிடம், "போதுமாப்பா?" என்று கேட்டேன். பாதிரியாரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை கோயில் வாசல் வரைக்கும் போனேன். வாய் வரவில்லை. ஊரே என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தது.

நாற்பதாம் நாளோடு ஆத்மா போய்ச் சேர வேண்டிய இடம் முடிவாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அது டிசம்பர் பன்னிரண்டு. அதற்குள் சொன்னால்தான் உண்டு.

டிசம்பர் பதினொன்று. மறுநாள் காலை அண்ணன் வருகிறான். சமையலறையில் கொலீவாவுக்குக் கோதுமை வேக வைத்துக்கொண்டிருந்தேன், செத்தவர் பேரில் கொடுக்கிற இனிப்பு அது. ஹெட்போனை மேஜைமேல் வைத்திருந்தேன். என் கையால்தான் வைத்தேன். இதில் சந்தேகமே இல்லை. அப்பாவின் அறைக்கதவைச் சாத்தியிருந்தேன்.

4:47. கரண்ட் போனது.

வெளியே நன்றாக இருட்டிவிட்டது. அடுப்பு நீலமாக எரிந்தது. கோதுமை மட்டும் கொதித்துக்கொண்டிருந்தது... குளுக்... குளுக்.

மேஜையைத் தடவினேன்.

ஹெட்போன் இல்லை.

நடைக்கு வந்தேன். அப்பாவின் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது. உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி. படுக்கைக்கு மேலே. படுத்திருப்பவர் நெஞ்சின்மேல் கைகூப்பினால் கை எவ்வளவு உயரத்தில் இருக்குமோ, அவ்வளவு உயரத்தில்.

கால் பின்னால் போகச் சொன்னது. ஆனால் இருந்தது இந்த ஒரு சாயங்காலம்தான். மெழுகுவர்த்தி அந்த அறைக்குள் இருந்தது.

"அப்பா... நான்தான்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இழுப்பறையை இழுக்கக் கை நீட்டினேன். அது ஏற்கெனவே திறந்திருந்தது.

தீக்குச்சி உரசினேன். அணைந்தது.

இன்னொன்று. அணைந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது.

மூன்றாவது பிடித்தது. பாதி மெழுகுவர்த்தி எரிந்தது. படுக்கை காலி. விரிப்பு நடுவில் குழிந்திருந்தது. தலையணைமேல் ஹெட்போன்.

எடுத்து மாட்டினேன். ஏன் என்று கேட்காதீர்கள். கேட்க வேண்டும் போலிருந்தது. அன்றைக்குக் கேட்காததை.

4:50.

டிக்டிக்டிக்டிக்டிக்டிக்...

நிறுத்தவேயில்லை.

"ஏத்திட்டேன்ப்பா! இதோ பாருங்க, ஏத்திட்டேன்! நான் பொய் சொன்னேன்ப்பா, நான் பக்கத்துல இல்ல, எனக்குக் கேக்கல, மன்னிச்சுடுங்க..."

தட்டுவது நின்றது.

மூச்சு. என் மூச்சு இல்லை.

ஜன்னல் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். கையில் மெழுகுவர்த்தி. காதோரம் சிவப்புப் புள்ளி.

அந்தச் சிவப்பு... மங்கியது.

அணையவில்லை. மூடியது. காற்றுப்படாமல் உள்ளங்கையால் மூடுவதுபோல. இடுக்கு இடுக்காகச் சிவப்பு கசிந்தது.

விரல் இடுக்கு.

நெருப்பு இருந்தது என் கையில். அது வேண்டாமாம். மூடிக் காப்பாற்றியது அந்தப் புள்ளியை.

மெழுகுவர்த்தி அணைந்தது.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. அவ்ரிகா அத்தை வீட்டு வாசலில் விழுந்து கிடந்தேன். கோதுமை தீய்ந்த நாற்றம் மாடி முழுக்க.

மறுநாள் கல்லறையில், பாதிரியார் முன்னால், எல்லாரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். அவ்ரிகா அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். பாதிரியார் நாற்பது மெழுகுவர்த்தி ஏற்றச் சொன்னார், ஏற்றினோம். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பாவ இருட்டுல அனுப்பிட்டியாடி?"

அவ்வளவுதான் கேட்டான். அன்று சாயங்காலமே பஸ் ஏறிவிட்டான். இன்றுவரை பேச்சு இல்லை.

அதோடு போயிருந்தால் மன உளைச்சல் என்று விட்டிருப்பேன். ஜனவரி பதினேழு. டொரெல் கூப்பிட்டான். எங்கள் அழைப்புகளின் பதிவுகளில் எதையாவது ஒன்றை எடுத்து, ஒழுங்காகப் பேசினோமா என்று மேலிடத்தில் கேட்டுப் பார்ப்பார்கள். என்னுடையதில் நவம்பர் மூன்று, 4:48 அகப்பட்டிருக்கிறது. அவன் குரலில் கிண்டல் இல்லை.

"நீ வீட்ல தனியாத்தானே வேலை பாக்குற?"

"அப்பா பக்கத்து ரூம்ல..."

"ரூம்ல இல்ல. உன் பக்கத்துல. பதினெட்டாவது நிமிஷம் கேளு. அந்தம்மாவும் கேக்குறாங்க, 'பக்கத்துல யாரோ பெரியவர் பேசுறாரே'ன்னு. நீ இல்லேங்குற."

பதிவை அனுப்பினான். சமையலறையில் நின்றுகொண்டே கேட்டேன்.

இரண்டாவது நிமிஷம். என் பேச்சுக்குப் பின்னால், தூரத்தில்... டிக்டிக்டிக்டிக். நிறுத்தாமல். ஏழாவது நிமிஷத்தில் நிற்கிறது. 4:55.

அப்புறம் பதினொரு நிமிஷம் நானும் அந்தம்மாவும் மட்டும்.

5:06. சர்ர்... சர்ர்... செருப்பைத் தேய்த்து நடக்கிற சத்தம். இரண்டு வருஷமாக எழுந்து நிற்காதவர். செத்துப் பத்து நிமிஷம் ஆனவர். என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்கிறது. மைக்குக்கு அவ்வளவு பக்கத்தில்... என் அப்பாவின் குரல்.

"இருட்டா இருக்கும்மா. வெளிச்சம் எங்க?"

உடனே என் குரல். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த, சிரித்த முகமான குரல். சிபியூ அம்மாவிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

"சின்னதா ஒரு சிவப்பு விளக்கு எரியுது பாருங்க. தெரியுதா?"

"தெரியுது." அந்தம்மா இல்லை. அப்பா.

"அவ்வளவுதாங்க. அது வெள்ளையா மாறுற வரைக்கும் அங்கயே இருக்கட்டும். அவசரப்படாம காத்திருங்க."

"சரிம்மா."

ஹெட்போன் அவர் தலையணைமேல்தான் இருக்கிறது. ஜனவரியிலிருந்து ஒயரைச் செருகவேயில்லை. இது ஜூன் மாதம். இப்போது மணி 4:50. போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்து எழுதுகிறேன். சிவப்புதான்.