பஞ்சர் கடையில் ஒரு நைல் நதி

லாரி டியூப் ஒன்றை நெடுக அறுத்து விரித்தால் நைல் நதி கிடைத்துவிடும். ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பஞ்சர் கடையின் சிமெண்ட் தரையில்தான் நான் அதைக் கண்டுபிடித்தேன். கறுப்பாக, நெளிந்து நெளிந்து அது கிடந்தது. அதன் நடுவில் ஒரு நட்டை வைத்து, "இதுதான்க்கா பஷோடா" என்றேன். எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அக்கா டியூபைத் தடவிக்கொண்டே வந்து, நட்டில் விரல் இடித்ததும் நிறுத்தினார். "இத்துனூண்டு ஊருக்கா ரெண்டு ராஜ்ஜியம் மொறைச்சிக்கினு நின்னுச்சி?"

அக்கா எனக்குச் சொந்தமில்லை. கடைக்காரரின் மகள். பத்து வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவருக்குப் பார்வை போய்விட்டது. அப்பாவுக்கு ஒத்தாசையாகக் கடையில் இருந்துகொண்டே தபால் வழியில் எம்.ஏ. வரலாறு படித்தார். காற்றடித்த டியூபைக் கன்னத்தோரம் மெல்ல உருட்டிக்கொண்டே வந்து, ஓட்டை இருக்கும் இடத்தைக் காற்று படுவதை வைத்தே காட்டிவிடுவார்; தண்ணீர்த் தொட்டிக்கு வேலையே இருக்காது. நான் அப்போது பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டு. என் அப்பாவுக்கு மலையில் வேலை என்பதால் விடுமுறையெல்லாம் அங்கேதான். பாடத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் படிக்கிற ஆள் நான். அக்காவுக்குப் புத்தகம் படித்துக் காட்டவும், பரீட்சையில் அவர் சொல்லச் சொல்ல எழுதவும் ஒருத்தி தேவைப்பட்டாள். எழுதுகிறவள் வேறு பாடம் படிப்பவளாக, படிப்பில் ஒரு படி கீழே இருப்பவளாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நான் பொருந்தினேன். முதல் வருடத் தாள்கள் எல்லாவற்றையும் என் கையால்தான் எழுதினோம். எல்லாவற்றிலும் அவர் தேறினார்.

அதில் ஒரு முள் இருந்தது. கடைக்கு வருகிற லாரி டிரைவர் ஒருவர் டயரைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கேட்பார்: "இன்னா பாப்பா, உனக்கு எம்.ஏ. வந்தா எழுதுன பொண்ணுக்குப் பாதி எம்.ஏ. குடுப்பாங்களா?" கடையில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் சிரிப்பார். "முழுசா அதுக்கே குடுத்துரலாம்ணா, நான் உங்க டயரு ஒட்டிக்கினே காலத்த ஓட்டிர்றேன்." டிரைவர் போன பிறகு அடுத்த டியூபை வேகவேகமாகத் தேய்ப்பார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "எல்லாருக்கும் படிச்சா பட்டம் வருது. எனக்கு மட்டும் படிச்சது நான்தான்னு வேற காட்டணும்."

பஷோடா விஷயத்துக்கு வருகிறேன். அவருடைய பாடநூலில் அது மூன்று வரிதான்: ஆப்பிரிக்காவில் நைல் நதிக்கரையில் பிரிட்டனும் பிரான்சும் எதிரெதிரே நின்றன, போர் மூளும் நிலை வந்தது, பிரான்ஸ் பின்வாங்கியது. எனக்கு மூன்று வரி போதுமா? போனில் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்துவிட்டுக் கடைக்கு ஓடினேன். நூற்றுச் சொச்சம் ஆட்களோடு ஒரு பிரெஞ்சுத் தளபதி இரண்டு வருடம் காட்டிலும் சேற்றிலும் வந்து அந்தப் பாழடைந்த கோட்டையில் கொடி நட்டது. நீராவிப் படகைத் துண்டுதுண்டாகக் கழற்றி அவர்கள் தூக்கி வந்தது. பீரங்கிப் படகுகளோடு பிரிட்டிஷ் தளபதி வந்து, "இது எங்களுடையது" என்றது. இரண்டு பேரும் சுடாமல், ஒன்றாக உட்கார்ந்து மது அருந்தி, "மேலிடம் முடிவு செய்யட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அங்கே காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள் என்றதும் அக்காவுக்கு ஒரே குஷி. "கத்திரிக்கா போட்டானுங்களா?" தெரியவில்லை என்றேன். பிறகு அவர் கேட்டார்: "அந்த ஊர்க்காரங்க இன்னா சொன்னாங்க?" ஷில்லுக் என்று ஓர் இன மக்கள், அவர்களுடைய ஊர் அது. அவர்கள் சொன்னது என் போனில் எங்குமே இல்லை. "எழுதுனவன் கேட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு அக்கா நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

அந்த வருடக் கடைசித் தாளில் பஷோடா வந்தது, பெரிய கேள்வியாக. வேலூரில் ஒரு கல்லூரியில் எங்களுக்கென்று தனி அறை, ஒரு மேற்பார்வையாளர். கேள்வியைப் படித்தபோது என் குரலே துள்ளியது. அக்கா நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தார். படகும் வந்தது, தோட்டமும் வந்தது. எழுதிக்கொண்டே போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். "பிரெஞ்சுப் படை கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி வந்தது" என்றார் அக்கா. தலைகீழ். வந்தது மேற்கிலிருந்து.

அந்தக் கணமே எனக்குப் புரிந்துவிட்டது. அன்று கடையில் டியூபின் தென்முனையில் நான், வடமுனையில் அக்கா என்று எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். "வடக்கு உங்க பக்கம். இங்கிலீஷ்காரன் உங்ககிட்டருந்து வர்றான், பிரெஞ்சுக்காரன் இடது பக்கத்துலருந்து வர்றான்" என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். இடது என்பது என்னுடைய இடது, அதாவது மேற்கு. வடக்கை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த அக்கா தன் இடது கைப் பக்கம் எது என்று சரியாகக் கணக்குப் போட்டு, கிழக்கு என்று மனத்தில் எழுதிக்கொண்டார். பிழை அவருடையதே அல்ல, என்னுடையது. அதனால் அதைத் திருத்தும் உரிமையும் எனக்கு உண்டு என்று தோன்றியது. "மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி" என்று எழுதிவிட்டேன்.

விடை முடிந்ததும் நான் ஒருமுறை வாசித்துக் காட்டுவது எங்கள் வழக்கம். அந்த வரியை முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தேன். அக்காவின் கை மேசையில் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"நான் அப்படிச் சொல்லலியே."

மேற்பார்வையாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "இன்னாம்மா, இன்னா பிரச்சனை?" நான் செய்ததை அவர் புரிந்துகொண்டால் தாளே ரத்தாகும். அக்காவின் ஒரு வருடம் போய்விடும்.

"ஒண்ணுமில்ல சார். பாப்பா கை தவறி ஒரு வார்த்தை மாத்தி எழுதிட்டா. அடிச்சிட்டு எழுதச் சொன்னேன்." சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நான் சொன்னத எழுது."

அடித்தேன். தவறு என்று தெரிந்தே, அழகான கையெழுத்தில், கிழக்கிலிருந்து மேற்கு என்று எழுதினேன். கண்ணீர் ஒரு சொட்டு தாளில் விழாமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் கண்ணமங்கலம் தாண்டிய பிறகுதான் எல்லாவற்றையும் சொன்னேன். எதிரே உட்கார்ந்ததைச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில் வெளியேறிப் போனதுதான் கிழக்குப் பக்கமாக என்பதையும் சொன்னேன். "அப்போ எனக்குப் பாதி மார்க்கு உண்டு" என்று அக்கா சிரித்தார். போளூர் வருவதற்குள் அந்தச் சிரிப்பு அடங்கிவிட்டது. "நல்லதுக்குத்தான் செஞ்ச, தெரியுது. ஆனா நீ ஒரு வார்த்தை மாத்துனா, அந்த டிரைவர் சொல்றது நெஜமாயிடும்டி." இரண்டு பேரரசுகளைப் பற்றி அத்தனை வாய் கிழியப் பேசிய நான், அவருடைய விடைத்தாளில் அவரைக் கேட்காமலே என் கொடியை நட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அந்தத் தாளிலும் அவர் தேறினார், மற்றவற்றைவிடக் குறைவான மதிப்பெண்ணில். அடுத்த வருடம் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "படிச்சுக் காட்ட நீதான் வரணும். எழுத வேற பொண்ணப் பாத்துட்டேன்." பிளஸ் டூ முடித்த பெண், கணக்குப் பிரிவு, வரலாறு என்றால் கொட்டாவி விடுவாள். அன்று நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்தேன். மறுநாள் போனேன். அந்த வருடம் முழுக்க அவருக்கு எதிரே அல்ல, பக்கத்தில் உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

இன்று அக்கா அடிவாரத்தில் ஒரு பள்ளியில் வரலாற்று ஆசிரியை. நான் பெங்களூரில் நாள் முழுக்கக் கணினியோடு பேசுகிறேன். யாராவது ஒரு வாக்கியத்தைத் தடுமாறிச் சொல்லும்போது அதை முடித்துக் கொடுக்க என் நாக்கு இப்போதும் துடிக்கும். அப்போதெல்லாம் அவருடைய கடைசிப் பரீட்சை நாள் நினைவுக்கு வருகிறது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு புங்க மரத்தடியில் காத்திருந்தேன். முதலில் அந்தப் பெண் விரலைச் சொடுக்கிக்கொண்டே வந்தாள். "யம்மா, அந்தப் பேருங்க ஒண்ணும் வாய்ல நுழையல. அக்கா ஒவ்வொரு எழுத்தா சொல்லி எழுத வெச்சாங்க." பின்னால் சுவரைத் தொட்டபடி அக்கா வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"எப்டிக்கா?" என்றேன்.

"ரெண்டு தப்பு இருக்கும்னு தோணுது" என்றார். என் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "ரெண்டும் என்னுதுதான்டி."

அப்படி ஒரு பெருமையோடு யாரும் தவறைச் சொல்லி நான் கேட்டதில்லை.