நிரம்பலிப் பட்டை

சாரல் காலத்தில் நிரம்பலி இலையைத் தொட்டால் செருப்புத் தோலைப் போலத் தடிப்பாக, சில்லென்று இருக்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடுநரம்பே இல்லாமல் மெல்லிய கோடுகள் மட்டும் நீளவாக்கில் ஓடும். பைன் மரத்துக்குத் தூரத்து உறவான, பூவே பூக்காத அந்தக் கிழட்டு மரம், குற்றாலத்தில் செண்பகாதேவி அருவிக்குப் போகிற தடத்தின் ஓரமாக நின்றது. காட்டிலாகா ‘கார்டா’க இருந்த என் அப்பாவுக்கு அதன்மேல் அப்படியொரு பித்து.

யாராவது கோடரியோடு வந்துவிடுவார்களோ என்ற பயத்தில் மேலதிகாரிகளிடம் நடையாய் நடந்து, ஐம்பதுகளின் கடைசியில் கம்பி வேலியும் ஒரு பலகையும் வாங்கிவிட்டார்: ‘மிகப் பழமையான அரிய மரம். தொடக் கூடாது.’ எங்களை மலையேற்றிக் கூட்டிப்போய்க் காட்டினார். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அந்த வேலிதான் வினையாகப் போயிற்று. குற்றாலத்துப் புல்லும் ‘மூலிகை’ என்று நம்பி வருகிற சனம், சர்க்கார் சும்மாவா வேலி போடும் என்று யோசித்தது. “பூக்காத மரம்லா? சத்தெல்லாம் பட்டையிலதான் நிக்கும்” என்று அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் சொல்லத் தொடங்க, அதுவரை ஏறிட்டும் பாராத மரத்தைக் கடையத்திலிருந்தும் புளியங்குடியிலிருந்தும் வந்து செதுக்கிக்கொண்டு போனார்கள். அப்பா விரட்டினார், கும்பிட்டார், அது மருந்தில்லை என்று தொண்டை வற்றக் கத்தினார். “மருந்தில்லாமலா கார்டு அண்ணாச்சி இந்தப் பாடு படுதாரு?” என்று சிரித்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. தென்காசி டாக்டர் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஒரு சாயங்காலம் அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி பட்டையை எடுத்து என்னிடம் நீட்டி, “இடிச்சுக் கசாயம் போடுட்டி” என்றார்.

“நீங்கதானப்பா மருந்தில்லன்னு சொன்னிய?”

“சொன்னேன். உங்கம்மா கேக்கா. வேற என்னத்தக் குடுப்பேன் நான்?”

அந்தத் துவர்ப்பை அம்மா முகம் சுளிக்காமல் குடித்தாள். அப்பா மறைத்து வைத்திருந்த மருந்து கடைசியில் கிடைத்துவிட்டது என்ற நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. ஐப்பசி மழை தொடங்குமுன் அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். சுற்றிலும் பட்டை உரிந்த மரம் அடுத்த கோடையில் நுனியிலிருந்து காயத் தொடங்கியது. அப்பா அதன்பிறகு யாரையும் விரட்டவில்லை.

இப்போது அங்கே மரமும் இல்லை, வேலியும் இல்லை. அப்படியொரு மரம் நின்றதைச் சொன்னால் நம்பவும் ஆளில்லை. மலைக்குள் போய்வருகிற பையன் ஒருவன், வெகு உள்ளே அதே சாதி மரம் இன்னொன்று நிற்பதாகச் சொல்லி, இடம் சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். தெரிந்துவிட்டால், என் வீட்டில் யாருக்காவது முடியாமல் போகிற அன்று நானும் கத்தியோடு போய் நிற்பேன்.